ஆதரவு எழுபது சதவீதம், உறுப்பினர் பத்து சதவீதம்: அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் அரசியலில் பலம் இழந்த கதை

2023 செப்டம்பர் 26. மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு வெளியே ஜெனரல் மோட்டார்ஸின் உதிரிபாகக் கிடங்கு வாசல். ஸ்டிரைக்கில் இருந்த தொழிலாளர்களுக்கு நடுவே சங்கத்தின் தொப்பியை மாட்டிக்கொண்டு, கையில் மெகாபோனுடன் ஜோ பைடன் நின்றார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி ஒருவர் மறியலில் வந்து நின்றது அமெரிக்க வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

அந்த ஸ்டிரைக் ஜெயித்தது. ஆறு வாரத்தில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் மூன்று கம்பெனிகளும் இறங்கி வந்தன. 2028 ஏப்ரல் வரைக்குமான ஒப்பந்தத்தில் அடிப்படைக் கூலி 25 சதவீதம் ஏறியது. சரி, அடுத்த ஆண்டு தேர்தலில் என்ன நடந்தது? அதே மிச்சிகனில் குடியரசுக் கட்சியின் டொனால்ட் டிரம்ப் சுமார் 80,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஏறக்குறைய 13 லட்சம் உறுப்பினர்கள் உள்ள டீம்ஸ்டர்ஸ் சங்கம் (லாரி ஓட்டுநர்கள், கூரியர் ஊழியர்கள், கிடங்குத் தொழிலாளர்களின் சங்கம்) ஜனாதிபதி தேர்தலில் யாருக்கும் ஆதரவு இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. 1996க்குப் பிறகு அது அப்படி ஒதுங்கியது அதுவே முதல் முறை. அதன் தலைவர் ஷான் ஓ'பிரையன் அதற்கு இரண்டு மாதம் முன்பே குடியரசுக் கட்சியின் மாநாட்டு மேடையில் ஏறிப் பேசியிருந்தார்.

தொழிற்சங்கத்துக்கு இவ்வளவு வெளிப்படையாகத் துணை நின்ற ஜனாதிபதி அண்மைக் காலத்தில் இல்லை. பல பத்தாண்டுகளில் கிடைக்காத நல்ல ஒப்பந்தமும் கிடைத்தது. இரண்டும் கையில் இருந்தும் சங்கங்களால் தங்கள் சொந்த மண்ணான மிச்சிகனை அவருடைய ஜனநாயகக் கட்சிக்காகத் தக்கவைக்க முடியவில்லை. ஒரு வேட்பாளர் சரியில்லை, ஒரு விலைவாசி உயர்வு அடித்துவிட்டது என்று இதை முடித்துவிடலாம். ஆனால் இதன் வேர் 75 வருஷம் பின்னால் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 1950களின் நடுவில் அமெரிக்காவில் சம்பளம் வாங்குபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சங்க உறுப்பினர். 1983ல் ஐந்தில் ஒருவர். 2024ல் 9.9 சதவீதம். அதிலும் அரசு ஊழியர்களைத் தள்ளிவிட்டு தனியார் துறையை மட்டும் எடுத்தால் 5.9 சதவீதம்தான். அதாவது நூறு பேர் வேலை பார்க்கும் தனியார் கூடத்தில் ஆறு பேர். ஆனால் அதே ஆண்டு காலப் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில் தொழிற்சங்கங்களை ஆதரிக்கிறோம் என்று சொன்னவர்கள் 70 சதவீதம். எழுபது பேர் வேண்டும் என்கிறார்கள், பத்துப் பேரிடம்தான் இருக்கிறது. இந்த இடைவெளிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. மக்கள் வெறுத்து ஒதுக்கிய ஓர் அமைப்பு தேய்ந்தால் அதில் புரியாத விஷயம் எதுவும் இல்லை. மக்கள் விரும்பும் அமைப்பு ஏன் தேய வேண்டும்?

நம் ஊர் வாசகருக்கு இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் கட்சிக்கு ஒரு சங்கம் உண்டு. ஒரே பேருந்துப் பணிமனை வாசலில் நாலைந்து கொடிக்கம்பம் பார்க்கலாம். பிடித்த சங்கத்தில் சந்தா கட்டலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. ஒரு வேலையிடத்தில் ஊழியர்கள் வாக்களித்து, பெரும்பான்மை கிடைத்தால்தான் சங்கம். கிடைத்துவிட்டால் அந்த இடத்துக்கு அது ஒன்றுதான். வாக்களிக்காதவர், எதிர்த்தவர் எல்லோருக்கும் சேர்த்து அதுவே பேரம் பேசும். கிடைக்காவிட்டால் ஒன்றும் இல்லை. நாடு முழுவதும் உள்ள ஒவ்வொரு கிடங்கையும், ஒவ்வொரு காபிக் கடையையும் தனித்தனியாகப் போராடிப் பிடிக்க வேண்டும். இந்த அமைப்பைக் கொண்டுவந்தது 1935ல் நியூயார்க் செனட்டர் ராபர்ட் வாக்னர் பெயரால் அறியப்படும் சட்டம். தொழிலாளிக்குச் சங்கம் சேரும் உரிமையை நாடு முழுவதற்குமாக உறுதிசெய்த சட்டம் அதுதான்.

ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்தது. அதை வேலையிடத்துக்குக் கொண்டுவந்தது மிச்சிகனின் ஃபிளின்ட் நகரம். 1936 டிசம்பர் 30 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளிருப்புப் போராட்டம். வெளியே நின்று மறித்தால் கருங்காலிகளை வைத்து உற்பத்தியை ஓட்டிவிடலாம். இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? கார் இருக்கைகளை மெத்தையாகப் போட்டுப் படுத்தார்கள். வெளியே குடும்பங்கள் சமைத்து உள்ளே அனுப்பின. ஜனவரி 11 அன்று போலீஸ் கண்ணீர்ப்புகையோடு வந்தபோது கார்க் கதவின் கீல்களை மாடியிலிருந்து எறிந்து விரட்டினார்கள். பெண்கள் சிவப்புத் தொப்பி அணிந்து அவசரப் படை ஒன்றைக் கட்டி வாசலைக் காத்தார்கள். 44 நாள். பிப்ரவரி 11 அன்று உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனி கையெழுத்துப் போட்டது. இரண்டே மாதத்தில், 1937 ஏப்ரலில், வாக்னர் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது.

இதில் அரசியல் எங்கே இருந்தது என்றால், மாநில ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபியிடம் இருந்தது. நம்மூர் ஆளுநர் மாதிரி நியமனம் இல்லை, தேர்தலில் நின்று ஜெயித்து மாநிலத்தை ஆள்பவர். அவர் தேசியக் காவல் படையை ஃபிளின்டுக்கு அனுப்பினார். ஆனால் தொழிலாளர்களை வெளியேற்ற அதைப் பயன்படுத்தவில்லை. தொழிலாளி வாக்கில் வந்தவர் அவர். வாக்கும் வேலைநிறுத்தமும் ஒன்றுக்கொன்று கை கொடுத்த நேரம் அது. அமெரிக்கச் சங்கங்களின் பலத்துக்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது.

அந்தப் பலத்தை உடைக்க அடுத்த பத்தே ஆண்டில் வழி கண்டுபிடித்தார்கள். போர் முடிந்த 1946ல் 45 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் (செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம்) குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. 1947ல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தது. ஜனாதிபதி ட்ரூமன் தன் தடை அதிகாரத்தால் நிறுத்திப் பார்த்தார். தென் மாநில ஜனநாயகக் கட்சிக்காரர்களும் சேர்ந்துகொண்டு அதையும் மீறி நிறைவேற்றினார்கள்.

இந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, அனுதாப வேலைநிறுத்தத்துக்கு வழி அடைக்கப்பட்டது. ஒரு கம்பெனியில் தகராறு என்றால் அதனோடு வியாபாரம் செய்யும் இன்னொரு கம்பெனியின் தொழிலாளி வேலையை நிறுத்தி அழுத்தம் கொடுக்கக் கூடாது. ஒருவருக்காக எல்லோரும் என்ற சங்கத்தின் அடிப்படையையே அது வெட்டியது. இன்னொன்று, மாநிலங்களுக்கு ஓர் அனுமதி. சங்கம் பேசி வாங்கிய ஒப்பந்தத்தின் பலனை அனுபவிக்கும் ஊழியர் அதற்கான கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதை மாநிலங்கள் தடை செய்துகொள்ளலாம். இதற்கு வைத்த பெயர் ‘வேலை செய்யும் உரிமை’ச் சட்டம். இந்தப் பெயரில் யாருக்கும் எந்த வேலையும் உத்தரவாதம் இல்லை. சந்தா கட்டாமல் இருக்கும் உரிமை மட்டும்தான் உண்டு. ஆனால் சந்தா கட்டாத ஒருவரை வேலையிலிருந்து தூக்கினால் அவருக்காகவும் சங்கமே செலவு செய்து வாதாட வேண்டும். இன்று 26 மாநிலங்களில் இது நடப்பில் இருக்கிறது. தெற்கு மாநிலங்கள் அநேகமாக எல்லாவற்றிலும்.

தெற்கைப் பற்றி நின்று சொல்லியாக வேண்டும். 1935 சட்டத்திலேயே விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் விடப்பட்டார்கள். தெற்கில் அந்த வேலைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். தென் மாநில செனட்டர்களின் ஆதரவு இல்லாமல் எந்தச் சட்டமும் நகராத காலம். 1946ல் தெற்கில் சங்கம் கட்டப் பெரிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. இனவெறியும் உள்ளூர் அதிகாரமும் ஆலை முதலாளிகளும் சேர்ந்து அதைச் சாய்த்தார்கள். அப்புறம் நடந்ததைக் கம்பெனிகளே செய்து காட்டின: நிசான் டென்னசிக்குப் போனது, பிஎம்டபிள்யூ தென் கரோலினாவுக்கு, மெர்சிடிஸ் அலபாமாவுக்கு. கறுப்பினத் தொழிலாளியை 1935ல் வெளியே நிறுத்தியதற்கான விலையை வடக்கின் வெள்ளைத் தொழிலாளியும் பின்னாளில் கொடுத்தார். ஃபிளின்ட் பகுதியில் 1970களின் கடைசியில் 80,000 பேர் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்தார்கள். இன்று அதில் எட்டில் ஒரு பங்கு ஆள்கூட அங்கே இல்லை.

இதையெல்லாம் சொன்னால் உடனே வரும் பதில்: உலகமயம், இயந்திரமயம், சீனா. இவை பொய் இல்லை. தொழிற்சாலை வேலைகள் 1979ல் சுமார் ஒரு கோடியே 95 லட்சமாக உச்சம் தொட்டு, 2010ல் ஒரு கோடியே 15 லட்சத்துக்கு இறங்கின. ஆனால் எல்லை தாண்டிக் கனடாவைப் பாருங்கள். அதே கார் கம்பெனிகள், அதே இயந்திரங்கள், அதே சீனப் பொருட்கள். 1960களில் இரு நாடுகளிலும் சங்க உறுப்பினர் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். இன்று கனடாவில் அது 30 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அமெரிக்காவைப் போல மூன்று மடங்கு. கனடாவின் பல மாகாணங்களில் சங்கம் அமைப்பது எளிது. கியூபெக்கில் 1977லிருந்தே ஸ்டிரைக் நடக்கும் ஆலையில் மாற்று ஆள் எடுத்து வேலை வாங்கத் தடை. பொருளாதாரம் சங்கத்தை அடித்தது இரண்டு நாட்டிலும்தான். எழுந்து நிற்க முடியாமல் சட்டம் அழுத்திப் பிடித்தது அமெரிக்காவில்.

அந்தச் சட்டத்தை மாற்ற வாய்ப்பே வரவில்லையா என்றால், வந்தது. ஐந்து முறை. 1965ல் லிண்டன் ஜான்சன் ஆட்சியில், மாநிலங்களுக்குக் கொடுத்த அந்த அனுமதியை நீக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் பேசிப் பேசியே நேரத்தைத் தின்று மசோதாவைக் கொல்லும் வழக்கம் ஒன்று உண்டு. பிலிபஸ்டர் என்பார்கள். அதில் செத்தது. 1978ல் ஜிம்மி கார்ட்டர் காலத்தில், சட்டத்தை மீறும் முதலாளிகளுக்கு உறைக்கிற மாதிரி தண்டனை தரும் மசோதா வந்தது. பேச்சை நிறுத்த 60 வாக்கு வேண்டும். ஆறு தடவை முயன்றார்கள். 58க்கு மேல் போகவில்லை. செனட்டில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும் பலம் இருந்த நேரம் அது. 1994ல் கிளின்டன் ஆட்சி: ஸ்டிரைக் செய்பவர் இடத்தில் நிரந்தரமாக ஆள் எடுப்பதைத் தடுக்கும் மசோதா 53 வாக்கோடு நின்றது. 2009ல் ஒபாமா வந்தார். கட்சிக்கு 60 இடமும் வந்தது. பெரும்பான்மை ஊழியர்கள் கையெழுத்திட்டாலே சங்கத்தை ஏற்க வேண்டும் என்ற மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. தடுத்தவர்களில் ஆளுங்கட்சி செனட்டர்களும் உண்டு. 2021ல் பைடன் ஆதரித்த மசோதாவும் செனட் வாசலிலேயே நின்றுபோனது.

சங்கங்கள் ஒவ்வொரு தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்குக் கோடிக்கணக்கான டாலரும் லட்சக்கணக்கான தொண்டர்களும் கொடுத்தன. பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று, நாங்கள் வளரச் சட்டத்தில் வழி விடுங்கள் என்று. அதைத்தான் கொடுக்கவில்லை. எதிரி அடித்ததைவிட இதை நான் பெரிய காரணமாகப் பார்க்கிறேன். இதன் உச்சம் 1993. மெக்சிகோ, கனடாவோடு தடையற்ற வர்த்தகம் கொண்டுவரும் நாஃப்டா ஒப்பந்தம் அந்த நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் 234க்கு 200 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் எதிர்த்தே வாக்களித்தார்கள். அவர்கள் கட்சியின் ஜனாதிபதியே எதிர்க்கட்சி வாக்கைச் சேர்த்து நிறைவேற்றினார். ஆலை போன ஊரில் உட்கார்ந்திருந்த தொழிலாளி என்ன முடிவுக்கு வருவார்? ரெண்டு பேரும் ஒன்றுதான் என்று. 23 வருஷம் கழித்து டிரம்ப் வந்து நாஃப்டாவைத் திட்டியபோது அந்த ஊர்கள் காது கொடுத்தன. 2016 வாக்குச்சாவடிக் கணிப்பில் சங்கக் குடும்பங்களிடையே ஹிலரி கிளின்டனுக்குக் கிடைத்த முன்னிலை ஒன்பது புள்ளிக்குள்தான்.

இடையில் 1981. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 13,000 பேர் ஆகஸ்ட் 3 அன்று வேலையை நிறுத்தினார்கள். மத்திய அரசு ஊழியர் ஸ்டிரைக் செய்வது சட்டப்படி குற்றம். ரொனால்ட் ரீகன் 48 மணி நேரம் கொடுத்தார். திரும்பாத 11,000க்கும் மேற்பட்டவர்களை ஒரே அடியில் வேலையை விட்டு நீக்கினார். முந்தைய ஆண்டுத் தேர்தலில் ரீகனை ஆதரித்த சில சங்கங்களில் இந்தக் கட்டுப்பாட்டாளர்களின் சங்கமும் ஒன்று. ரீகன் முன்பு திரைப்பட நடிகர் சங்கத் தலைவராக ஸ்டிரைக் நடத்தியவரும்கூட. விமானிகள் விமானத்தை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். மற்ற சங்கங்கள் அறிக்கை விட்டதோடு சரி. அடுத்த மாதம் வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் பேரணி போனார்கள், ஆனால் போன வேலை போனதுதான். தனியார் முதலாளிகள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டிரைக் செய்பவர் இடத்தில் நிரந்தரமாக ஆள் எடுக்கலாம் என்று 1938லேயே உச்ச நீதிமன்றம் அனுமதித்திருந்தது. அவ்வளவு காலம் அதைப் பெரிதாகப் பயன்படுத்தத் தயங்கினார்கள். தயக்கம் போனது. ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற வேலைநிறுத்தங்கள் 1974ல் 424 நடந்தன. 2009ல் ஐந்து.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணிக்கையும் சட்டமும். ஆனால் சங்கத்தின் அரசியல் பலம் பணத்திலோ எண்ணிக்கையிலோ முழுக்க அடங்கியதில்லை. பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் பக்கம் ஆற்றங்கரையில் ஹோம்ஸ்டெட் என்று ஓர் ஊர். எஃகு ஊர். 1892லேயே கம்பெனியின் கூலிப்படையோடு தொழிலாளர்கள் துப்பாக்கிச் சண்டை போட்ட இடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆலையில் 15,000 பேர். இப்படிப்பட்ட ஊர்களில் சங்கத்தின் கட்டடம்தான் ஊர்ப் பொது மண்டபம். கல்யாண விருந்து அங்கே, பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கொடுப்பது அங்கே, ஷிப்ட் முடிந்தவர்கள் உட்கார்ந்து பேசுவது அங்கே. சங்கத்தின் பத்திரிகை வீட்டுக்கு வரும். நம் ஊர் எம்.பி. எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று அதில் இருக்கும். தேர்தல் சமயத்தில் கதவைத் தட்டுபவர் பக்கத்து இயந்திரத்தில் வேலை பார்ப்பவர், நேற்று உங்களோடு சாப்பிட்டவர். அவர் சொன்னால் கேட்கத் தோன்றும்.

ஹோம்ஸ்டெட் ஆலை 1986ல் மூடப்பட்டது. இன்று அங்கே ஷாப்பிங் வளாகம். பழைய ஆலையின் 12 செங்கல் புகைபோக்கிகளை மட்டும் இடிக்காமல் வரிசையாக நிற்க விட்டிருக்கிறார்கள். சங்க மண்டபம் இல்லாத ஊரில் தொழிலாளியோடு அரசியல் பேச யார் இருக்கிறார்கள்? கேபிள் டிவி, தேவாலயம், துப்பாக்கிக் கிளப், இப்போது கைபேசி. அவர் வலதுசாரியாக மாறிவிட்டார் என்று நகரத்தில் இருப்பவர்கள் சலித்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. அவர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறார். அவரைத் தேடி வந்துகொண்டிருந்தவர்கள்தான் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இந்த இழப்பை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மாநில எல்லையின் இரு பக்கமும் ஒட்டி இருக்கும் கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்றவை) ஒப்பிட்டு 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ‘வேலை செய்யும் உரிமை’ச் சட்டம் வந்த பக்கத்தில் ஜனாதிபதி தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வாக்கு சுமார் 3.5 புள்ளி குறைந்தது என்று கண்டது. வாக்களிக்க வருபவர்கள் விகிதமும் இறங்கியது. சங்கம் பலவீனமானால் சிலர் கட்சி மாறுகிறார்கள், பலர் வாக்களிக்கவே வருவதில்லை.

அரசியல்வாதிகளுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். விஸ்கான்சின் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர்களுக்குக் கூட்டுப் பேர உரிமையை 1959ல் முதன்முதலில் கொடுத்த மாநிலம் அது. 2011ல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் அதைப் பறிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். போலீஸ், தீயணைப்பு வீரர்களுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் அடிப்படைச் சம்பளம் பற்றி மட்டும், அதுவும் விலைவாசி உயர்வு அளவுக்குள்தான் பேசலாம். சம்பளத்தில் சந்தா பிடித்தம் கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் சங்கம் வேண்டுமா என்று மறுபடி வாக்கெடுப்பு. அதில் வாக்களிக்க வராதவர்களும் எதிராகவே கணக்கு. கடுங்குளிரில் மேடிசன் நகரில் ஆசிரியர்களும் மாணவர்களும் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். வெளிநாடுகளிலிருந்துகூடப் பணம் கட்டி அவர்களுக்கு பீட்சா அனுப்பினார்கள். கோரம் (வாக்கெடுப்புக்குத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லாமல் செய்ய ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் 14 பேர் பக்கத்து மாநிலத்துக்கே போய்விட்டார்கள். எல்லாம் இருந்தும் மசோதா நிறைவேறியது. அடுத்த ஐந்தாறு ஆண்டில் அந்த மாநிலம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சங்க உறுப்பினர்களை இழந்தது. 2016ல் டிரம்ப் விஸ்கான்சினில் ஜெயித்தது 23,000க்கும் குறைவான வாக்கில். ஒன்று மற்றதன் நேரடி விளைவு என்று நிறுவ முடியாது. ஆனால் கதவு தட்டும் கைகள் ஒரு லட்சம் குறைந்த மாநிலத்தில் 23,000 வாக்கு பெரிய எண்ணிக்கை இல்லை.

2018ல் ஜேனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற தீர்ப்பில், உறுப்பினர் அல்லாத அரசு ஊழியரிடம் சங்கம் கட்டணம் வாங்கக் கூடாது என்று நாடு முழுவதற்கும் சொல்லிவிட்டது. விஸ்கான்சின் செய்ததில் ஒரு பகுதி இப்படி எல்லா மாநிலத்துக்கும் வந்தது.

ஒரு புதுச் சங்கம் கட்டுவது இன்று எப்படி இருக்கிறது என்பதை அலபாமாவின் பெஸ்மர் நகரில் பார்க்கலாம். அமேசான் கிடங்கு. 2021ல் வாக்கெடுப்பு. வேலை நேரத்திலேயே ஊழியர்களைக் கட்டாயமாக உட்காரவைத்து, சங்கம் வந்தால் என்னென்ன கெடும் என்று நிர்வாகம் வகுப்பு எடுத்தது. அன்றைய சட்டப்படி அதில் தவறில்லை. சங்கத்தின் வெளி ஆட்கள் கிடங்கு வளாகத்துக்குள் கால் வைக்க முடியாது. சாலையோரம் நின்று, வேலை முடிந்து போகும் கார்களை நோக்கித் துண்டறிக்கை நீட்ட வேண்டும். தபால் வாக்கெடுப்பு நடக்கும்போது கம்பெனியின் ஏற்பாட்டில் கிடங்கு வாசலிலேயே ஒரு தபால் பெட்டி முளைத்தது. யார் வாக்கைப் போடுகிறார்கள் என்று நிர்வாகம் பார்க்கிறது என்ற எண்ணத்தை அது உண்டாக்கும் என்று சங்க வாக்கெடுப்புகளை நடத்தும் மத்திய அரசு அமைப்பான தொழிலாளர் உறவு வாரியம் பின்னர் தேர்தலையே ரத்து செய்தது. அதற்குள் முடிவு வந்துவிட்டிருந்தது: எதிராக 1,798, ஆதரவாக 738.

சங்கம் கட்ட முயன்றதற்காக ஒருவரைச் சட்டவிரோதமாக வேலையை விட்டு அனுப்பினால் கம்பெனிக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? இந்தச் சட்டத்தில் அபராதமே இல்லை. வருஷக்கணக்கில் வழக்கு நடந்து முடிந்தபின், அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவர் வேறு வேலையில் சம்பாதித்திருந்தால் அதையும் கழித்துக்கொள்ளலாம். சங்க வாக்கெடுப்புகளில் பத்தில் நான்கில் முதலாளி மீது சட்டமீறல் புகார் வருகிறது என்று ஓர் ஆய்வு சொல்வதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலேண்டில் 2022 ஏப்ரலில் அமேசான் ஊழியர்கள் 2,654க்கு 2,131 என்று ஜெயித்தார்கள். உலகமே கொண்டாடியது. ஆண்டுகள் ஓடியும் ஒப்பந்தம் கையில் வரவில்லை. ஜெயித்த சங்கத்தோடு நிர்வாகம் எத்தனை நாளுக்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்று சட்டத்தில் கெடு கிடையாது.

சங்கங்கள் பக்கமும் குற்றம் உண்டு, அதை மறைப்பது அவர்களுக்கு உதவி ஆகாது. வருமானத்தில் பெரும்பங்கைப் புது ஆட்களைச் சேர்க்கச் செலவிடாமல், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் சேவை செய்வதிலேயே பல சங்கங்கள் காலம் தள்ளின. சில சங்கங்கள் கறுப்பினத்தவரையும் பெண்களையும் வெகுகாலம் உள்ளே விடவில்லை. கார்த் தொழிலாளர் சங்கமான யுஏடபிள்யூவின் முன்னாள் தலைவர்கள் இருவர் சங்கப் பணத்தைக் கையாடிய வழக்கில் சிறை போனார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் உறுப்பினர்கள் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. அதில் 2023ல் மயிரிழையில் ஜெயித்து வந்த ஷான் ஃபெயின்தான் அதே ஆண்டு பைடன் வந்து நின்ற அந்த ஸ்டிரைக்கை நடத்தினார்.

சங்கம் உயிரோடு இருக்கும் ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு லாஸ் வேகாஸ். ஹோட்டல் அறை சுத்தம் செய்பவர்கள், சமையல்காரர்கள், பரிமாறுபவர்கள் சேர்ந்த குலினரி சங்கம் 226. சுமார் 60,000 உறுப்பினர்கள். பெண்களும் குடியேறியவர்களும் அதிகம். 1991ல் ஃபிரான்டியர் ஹோட்டலில் 550 பேர் தொடங்கிய ஸ்டிரைக் ஆறு வருஷத்துக்கு மேல் நடந்தது. ஒருவர்கூட வரிசையைத் தாண்டி வேலைக்குத் திரும்பவில்லை என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். முடிவில் ஜெயித்தார்கள். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவும் ‘வேலை செய்யும் உரிமை’ மாநிலம்தான். சந்தாவைக் கட்டாயப்படுத்த முடியாது. இருந்தும் கட்டுகிறார்கள், ஏனென்றால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அந்தச் சங்கம் வழியாகத்தான் அவர்களுக்கு வருகிறது, தினமும் கண்ணில் படுகிறது. தேர்தல் வந்தால் ஹோட்டலில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். 2008லிருந்து தொடர்ந்து நான்கு ஜனாதிபதி தேர்தல்களில் நெவாடா ஜனநாயகக் கட்சிப் பக்கம் நின்றதில் இவர்கள் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அங்கேயும் 2024ல் டிரம்ப் ஜெயித்தார். 2004க்குப் பிறகு நெவாடாவில் வென்ற முதல் குடியரசுக் கட்சி வேட்பாளர். சங்கம் கமலா ஹாரிஸுக்கு வேலை செய்தது. ஆனால் ஜூன் மாதமே லாஸ் வேகாஸ் கூட்டத்தில், வாடிக்கையாளர் தரும் டிப்ஸுக்கு வரி கிடையாது என்று டிரம்ப் அறிவித்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து அதையே ஹாரிஸும் அதே ஊரில் சொன்னார். பரிமாறும் தொழிலாளியின் காதில் முதலில் விழுந்தது எது? கூலியைப் பற்றிப் பேசுவதில்கூட தொழிலாளர் கட்சி என்று சொல்லிக்கொண்டது பிந்திவிட்டது. சங்கம் தன் உறுப்பினர்களைத் தேற்றி வைக்கலாம். ஆனால் ஊரில் சங்கம் இல்லாத டிப்ஸ் தொழிலாளிகளும் இருக்கிறார்கள், வாக்கு அவர்களுக்கும் உண்டு.

டிரம்ப் மீண்டும் வந்து ஒரு வாரத்திலேயே தொழிலாளர் உறவு வாரியத்தின் உறுப்பினர் க்வின் வில்காக்ஸை நீக்கினார். வாரியத்துக்குக் கோரம் இல்லாமல் போய், வழக்குகள் தேங்கின. 2025 மார்ச் 27 அன்று, தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, பல மத்திய அரசுத் துறைகளின் லட்சக்கணக்கான ஊழியர்களுக்கு இருந்த கூட்டுப் பேர உரிமையை ஒரே உத்தரவில் எடுத்தார். 1981ல் போனது 11,000 பேரின் வேலை. இது அதைவிடப் பல மடங்கு பெரியது. எதிர்ப்பு பெரும்பாலும் நீதிமன்றத்தில்தான் நடந்தது, நாடு நின்றுபோகவில்லை. டீம்ஸ்டர்ஸ் தலைவர் அந்த மாநாட்டு மேடையில் ஏறியதற்கு என்ன பலன் என்று அவருடைய உறுப்பினர்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி.

மிச்சிகனில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. 2012ல் கொண்டுவந்த ‘வேலை செய்யும் உரிமை’ச் சட்டத்தை 2023ல் ரத்து செய்தார்கள். ஒரு மாநிலம் அப்படிச் செய்வது ஏறக்குறைய 60 ஆண்டுகளில் முதல் முறை. மிசூரியில் 2018ல் மக்களிடமே விட்டபோது மூன்றில் இரண்டு பங்குப் பேர் அந்தச் சட்டம் வேண்டாம் என்றார்கள். அதே மிசூரி 2016லும் 2020லும் டிரம்புக்குப் பெரிய வித்தியாசத்தில் வாக்களித்த மாநிலம். கட்சிப் பெயரை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் முன்னால் வைத்தால் தொழிலாளி எந்தப் பக்கம் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. டென்னசியின் சாட்டனூகா வோக்ஸ்வேகன் ஆலையில் 2014லும் 2019லும் தோற்ற சங்கம் 2024 ஏப்ரலில் 73 சதவீத வாக்கோடு ஜெயித்தது. அடுத்த மாதமே அலபாமா மெர்சிடிஸில் தோற்றது.

1886ல் சிகாகோ தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டு மே 1 அன்று கிளம்பிய போராட்டத்திலிருந்துதான் மே தினம் பிறந்தது. 1923ல் சிங்காரவேலர் சென்னையில் செங்கொடி ஏற்றியது அந்த நினைவில்தான். ஆனால் அமெரிக்காவில் தொழிலாளர் தினம் செப்டம்பரில் வருகிறது. மே 1 அங்கே சாதாரண வேலை நாள். 2023 ஒப்பந்தத்தில் யுஏடபிள்யூ கேட்டு வாங்கியவற்றில் ஒரு தேதியும் இருக்கிறது. மூன்று கார் கம்பெனிகளின் ஒப்பந்தமும் 2028 ஏப்ரல் 30 நள்ளிரவோடு காலாவதி. அனுதாப வேலைநிறுத்தம் 1947லிருந்து சட்டவிரோதம். ஆனால் எல்லாச் சங்கங்களின் ஒப்பந்தமும் ஒரே நாளில் முடிந்தால், அவரவர் தங்கள் சொந்த ஒப்பந்தத்துக்காக ஒரே நாளில் வேலையை நிறுத்துவதைச் சட்டம் தடுக்காது. மற்ற சங்கங்களும் தங்கள் ஒப்பந்தங்களை இந்தத் தேதியில் முடியும்படி போடுங்கள் என்று ஷான் ஃபெயின் அழைத்திருக்கிறார். 2028 மே 1 திங்கட்கிழமை. அந்த நவம்பரில் ஜனாதிபதி தேர்தல்.